மஞ்சளில் மாட்டுக் கொட்டகை, சிவப்பில் வீடு

அன்று காலையில் நான் முதலில் திட்டியது கையிலிருந்த ரிமோட்டைத்தான். அடுத்து, வேப்பமர உயரத்துக்கும் மேலே அசையாமல் நின்றுகொண்டிருந்த ட்ரோனை. மூன்றாவதாகத் திட்ட ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. எதிரே அந்த நிலத்துக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை முறைத்தபடி நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“ஏன் அங்கயே நின்னுகினு இருக்குது?”

“அதுக்கு மேல போகாதுக்கா.”

“ஏன், பெட்ரோல் தீந்துபோச்சா?”

“பேட்டரிக்கா. அது இருக்கு. ஆனா அங்கேருந்து தடை செஞ்ச இடம். போன்னு சொன்னாலும் போகாது.”

“தடை செஞ்ச இடமா? அது என் வூடு!”

வீடுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் ரிமோட்டின் திரையில் அது வீடாக இல்லை, சிவப்பாக இருந்தது. நெய்வேலிக்கு மேலே இருக்கும் வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பச்சையில் பறக்கலாம். மஞ்சளில் கேட்டுவிட்டுப் பறக்கலாம். சிவப்பில் டெல்லியிலிருந்து அனுமதி வர வேண்டும். சுரங்கம் இருக்கிறது, அனல்மின் நிலையம் இருக்கிறது, விமான ஓடுதளம் ஒன்றும் இருக்கிறது. விமானம் வருகிறதோ இல்லையோ, அதற்கான தடை மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து யாரோ போட்ட வட்டம் அந்தம்மாவின் வாசலைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனது. கோட்டுக்கு இந்தப் பக்கம், மஞ்சளில், மாட்டுக் கொட்டகை. அந்தப் பக்கம், சிவப்பில், வீடும் போர்வெல் மோட்டார் இருக்கும் போர் கொட்டகையும் பலாமரங்களும்.

இதை அவரிடம் விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது.

“மாட்டுக்கு எடம் உண்டு, எனக்கு இல்லியா?”

 எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நானா கோடு போட்டேன்?” என்று கத்தினேன். அவரும் கத்தினார். மாடு எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பியது.

வேலை இதுதான். சுரங்கத்தின் ஓரமாக மழைத் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டப் போகிறார்கள். அது போகிற நிலப்பட்டையில் என்னென்ன நிற்கிறது என்று மேலிருந்து படமெடுத்துத் தர வேண்டும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் நில எடுப்பு அதிகாரி விசாரணை நடத்துவார். படத்தில் இருக்கிற வீட்டுக்கு, மரத்துக்கு, போர்வெல்லுக்கு ஈடு கிடைக்கும். படத்தில் இல்லாதது இல்லை. அந்தம்மாவுக்கு அந்த வீட்டையும் மரங்களையும் விட்டால் வேறு எதுவும் கிடையாது. வாய்க்கால் அவர் வீட்டு அடுப்பங்கரை வழியாகப் போகிறது. படத்தில் வீடு வராவிட்டால், இருந்த சுவடில்லாமல் அவரை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

படமெடுக்கும் வேலையைச் சென்னையில் ஒரு சிறிய கம்பெனி எடுத்திருந்தது. அந்தக் கம்பெனிக்கு இங்கே இருந்த ஒரே ஆள் நான். நான் நெய்வேலி சுரங்க டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவள். அங்கே மனிதர்கள் இரண்டு வகை, பெர்மனென்ட், கான்ட்ராக்ட். அப்பா பெர்மனென்ட். அவர் ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் வாடகைக்கு வந்தோம். நான் கான்ட்ராக்ட், அதிலும் கான்ட்ராக்டருக்குக் கான்ட்ராக்ட். என்னிடம் சொந்தமாக இருந்தது ட்ரோன் ஓட்டும் லைசென்ஸ் ஒன்றுதான்.

அந்தம்மாவுக்கும் எனக்கும் அன்றைக்குத்தான் சண்டை தொடங்கியது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முந்தைய வாரமே தொடங்கியாகிவிட்டது. ட்ரோன் எடுக்கும் படங்களைத் தரையோடு பொருத்துவதற்கு, பறப்பதற்கு முன்னால் தரையில் ஆங்காங்கே சுண்ணாம்பால் பெரிதாகக் கூட்டல் குறி போட வேண்டும். மற்ற ஊர்களில் கோலம் என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். எங்கள் சுற்றுவட்டாரத்தில் நிலத்தில் சுண்ணாம்பு விழுந்தால் பின்னாலேயே புல்டோசர் வரும் என்று அர்த்தம். நான் போட்டுவிட்டுத் திரும்பியதும் கூட்டல் குறிகள் எல்லாம் சாணித் தண்ணீரில் காணாமல் போயின. மறுநாள் போய்க் கேட்டேன்.

“நாந்தான் மொழுவுனேன். என் நெலத்துல நீ யாரு கோடு இழுக்க?” என்றார் அவர். நான் நிலத்தை எடுக்க வரவில்லை, படமெடுக்கத்தான் வந்தேன் என்றேன். “எல்லாரும் மொதல்ல படம்தான் எடுப்பீங்க” என்று சொல்லி வாளியில் மிச்சமிருந்ததை என் செருப்புக்குப் பக்கத்தில் ஊற்றினார். செருப்பின் மேல் ஊற்றவில்லை. அது ஒன்றுதான் அவர் எனக்குக் காட்டிய மரியாதை.

பிறகு யாரோ அவரிடம், படத்தில் வந்தால்தான் ஈடு என்று சொல்லியிருக்கிறார்கள். அதோடு கட்சி மாறிவிட்டார். போன வாரம் வேலியோரத்தில் நிற்கவிடாமல் விரட்டியவர், இந்த வாரம் என் வீட்டுக்கு மேலே ஏன் வரவில்லை என்று சண்டைக்கு வந்தார். சாணி மெழுகிய இடத்தை அவரே சுரண்டிக் கொடுத்தார், நான் மறுபடியும் சுண்ணாம்பு போட்டேன். 

சிவப்புக்கு அனுமதி கேட்டு அதற்கான இணையதளத்தில் விண்ணப்பித்திருந்தேன். ‘பரிசீலனையில்’ என்று காட்டியது. நாள்தோறும் திறந்து பார்ப்பேன். பரிசீலனையில். உள்ளூர்ப் பாதுகாப்பு அலுவலகத்தை அணுகவும் என்று அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அணுகினேன். கேட்டில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கூட ஆம்பள யாரும் வரலையா?” என்றார்.

“ட்ரோன் ஓட்டுறது நான்தான் சார்.”

“அப்பா மைன்ஸா? எந்த பிளாக்?”

டவுன்ஷிப்பில் யாரைப் பார்க்கப் போனாலும் முதல் கேள்வி இதுதான். பிளாக்கைச் சொன்னால் பாதிக் கதவு திறக்கும். காலி செய்துவிட்டோம் என்று சொன்னால் அந்தப் பாதியும் மூடிக்கொள்ளும். நான் காலி செய்ததைச் சொன்னேன். அவர் முகம் உடனே ஆபீஸ் முகமாக மாறியது.

“அனுமதி எங்க கையில இல்லம்மா. வெப்சைட்ல பாருங்க.”

“வெப்சைட் உங்களைப் பாக்கச் சொல்லுது சார்.”

“நாங்க வெப்சைட்டைத்தான் பாக்கச் சொல்லுவோம்.”

வடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. இதற்குப் பெயர் பாதுகாப்பாம். ஒரு பெண் தன் வீட்டைப் படத்தில் காட்டிவிட்டால் நாட்டுக்கு என்ன ஆபத்து வந்துவிடும் என்று பக்கத்தில் நின்ற யாரோ ஓர் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். அவர் தன் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

சென்னை மேனேஜருக்குப் போன் செய்தேன். எனக்கு வேலை கொடுத்தவர் அவர்தான். எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் “சிம்பிள்” என்று தொடங்குவார்.

“சிம்பிள்மா. ஒரு ஃபைல் அனுப்பறேன். அதை ட்ரோன்ல ஏத்திட்டா அந்தத் தடை இருக்கறதே அதுக்குத் தெரியாது. எங்க வேணாலும் போகும்.”

“பிடிபட்டா கேஸ் யார் மேல சார் வரும்?”

“லைசென்ஸ் உன்னோடதுதானம்மா.”

“அப்ப நீங்க வந்து ஓட்டுங்க.”

லைசென்ஸ் போகும் என்கிற பயம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட ஒரு காரணம் இருந்தது. திருட்டுத்தனமாக எடுத்த படம் விசாரணையில் ஒரு நிமிஷம்கூட நிற்காது. யாராவது ஒருவர் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டால் முழுப் படத்தையும் தூக்கிக் கடாசிவிடுவார்கள். அந்தம்மாவின் வீடு அதோடு போகும். இதைச் சொன்னபோது மேனேஜர், “அந்த ஒரு வீட்டுக்காக நீ ஏன் இவ்வளவு டென்ஷன் ஆகறே?” என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

வேறு வழி ஒன்று இருந்தது. ட்ரோன் கோட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். காமிரா தாண்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கமே பறந்துகொண்டு காமிராவைச் சாய்த்து வீட்டைப் படமெடுத்தேன். பலாமரங்கள் அடர்த்தியாக நின்று வீட்டை மறைத்துக்கொண்டன. ஓட்டுக்கூரையின் ஒரு மூலையும் தண்ணீர்த் தொட்டியின் மூடியும் தெரிந்தன. இது போதாது.

“மேலேருந்து தெரியணும், அவ்ளோதான?” என்று கேட்டுவிட்டு அந்தம்மா உள்ளே போய் நீண்ட துறட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். முருங்கைக்காய் பறிக்கிற மூங்கில் கழி. என் போனை அதன் நுனியில் துணிக் கிழிசலால் கட்டி, தானாகப் படமெடுத்துக்கொண்டே இருக்கும்படி வைத்து, நிலம் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தோம். நல்ல யோசனைதான். ஆனால் கழி ஒரு பக்கம் சாய்ந்தால் நான் கத்துவேன், இன்னொரு பக்கம் சாய்ந்தால் அவர் கத்துவார். கிளையில் சிக்கியது. இழுக்காதீங்க என்றேன். இழுத்தார். போன் நேராக மாட்டின் கழனித்தொட்டியில் போய் விழுந்தது. கண்ணாடி விரிசல் விட்டது. “நீதான ஒழுங்கா கட்டல?” என்றார். நாசமாய்ப் போக என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். துடைத்துவிட்டு மறுபடியும் கட்டினேன். சாயங்காலத்துக்குள் வீடு, போர் கொட்டகை, ஒவ்வொரு மரம் என்று எல்லாம் போனில் இருந்தன.

அவற்றை ட்ரோன் படங்களோடு சேர்த்துச் சென்னைக்கு அனுப்பினேன். எது எங்கே எடுத்தது, சிவப்புப் பகுதியில் ஏன் ட்ரோன் படம் இல்லை என்று தெளிவாக எழுதியும் அனுப்பினேன். மேனேஜர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விசாரணை அந்தம்மாவின் வாசலிலேயே நடந்தது. அந்தப் பட்டையில் நிழல் உள்ள ஒரே இடம் அதுதான். சுற்றிலும் வெட்டவெளி, செம்மண், தூரத்தில் சுரங்கத்திலிருந்து கொட்டிய மண் மலை. அதிகாரிக்கும் அவருடைய உதவியாளருக்கும் அந்தம்மா நாற்காலி போட்டார். மேனேஜர் சென்னையிலிருந்து காரில் பெரிய டிவி கொண்டுவந்திருந்தார். அதற்கான கரண்டை அந்தம்மா வீட்டு ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துக் கொடுத்தார். எல்லாருக்கும் மோர் வந்தது. எனக்குக் கடைசியாக வந்தது. ஊரிலிருந்து பத்திருபது பேர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாரி நல்லவராகத்தான் தெரிந்தார். ஒவ்வொரு நிலமாகத் திரையில் காட்டச் சொல்லி, உரியவரைக் கூப்பிட்டு, அவர் சொல்வதையும் கேட்டு எழுத வைத்தார். அந்தம்மாவின் முறை வந்தது. மேனேஜர் படத்தைப் பெரிதாக்கினார்.

மாட்டுக் கொட்டகை அழகாக இருந்தது. கூரையில் எந்தக் கீற்று கிழிந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். அதற்கு அந்தப் பக்கம் வழுவழுவென்று செம்மண். வீடு இல்லை. போர் கொட்டகை இல்லை. ஒரு செடிகூட இல்லை. பேசாமல் விட்டிருந்தால் அங்கே வெள்ளையாக ஓர் ஓட்டை இருந்திருக்கும், பார்க்கிறவர் ஏன் என்று கேட்டிருப்பார். ஆனால் இந்த மென்பொருளில் ஓட்டையை அடைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. பக்கத்து மண்ணை இழுத்து ஓட்டையின் மேல் போர்த்திவிடும். சென்னையில் யாரோ படம் அசிங்கமாக இருக்கிறதே என்று அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் சொத்தை அழகுக்காக அழித்திருக்கிறார்கள். 

“மாட்டுக் கொட்டகை ஒண்ணு, எழுதிக்கோங்க” என்றார் அதிகாரி உதவியாளரிடம். “காலி நிலம் மீதி.”

அந்தம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“என் வூடு எங்க?”

“படத்துல இல்லையேம்மா” என்றார் அதிகாரி. அவர் தலைக்கு மேலே ஒரு பலாக்காய் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். “சார், அது படமே இல்ல. அந்த இடத்துல ட்ரோன் பறக்கவே இல்ல. ஓட்டைய மண்ணை வச்சு அடைச்சிருக்காங்க. கழியில கட்டி எடுத்த படம் இருக்கு, அனுப்பினேன்.”

மேனேஜர் சிரித்தார். “சிம்பிள் சார். அது செல்போன் போட்டோ சார். நம்ம டெண்டர்ல அது வராது. அதான் சேக்கல.”

“அப்ப மண்ணு மட்டும் டெண்டர்ல வருமா?” என்று கேட்டேன். எனக்குச் சம்பளம் தருகிறவரிடம் எல்லார் முன்னாலும் அப்படிப் பேசினால் என்ன ஆகும் என்று தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்.

அதிகாரி கையை உயர்த்தி எங்கள் இருவரையும் அடக்கினார். “நீங்கதானே பறக்க விட்டீங்க? நீங்களே சொல்லுங்க. இங்க வீடு இருக்கா, இல்லையா?”

வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக் கரண்டில் டிவி பார்த்துக்கொண்டு, வீட்டு மோரைக் குடித்த வாயால் கேட்டார்.

“இருக்கு சார்” என்றேன். வேறு என்ன சொல்வது?

“அப்ப படம் தப்பு. சரி. இந்த இடத்தை மட்டும் மறுபடியும் பறக்கவிட்டு எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் காலி நிலம்னே இருக்கட்டும்.”

“அங்க பறக்க முடியாது சார். சிவப்பு.”

“அனுமதி வாங்குங்க.”

“பரிசீலனையில இருக்கு சார்.”

“அப்ப வரட்டும்.”

நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டிவி அணைந்தது. ஜன்னலருகே அந்தம்மா பிடுங்கிய ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். குரலை உயர்த்தவில்லை. என்னோடு சண்டை போட்டபோதெல்லாம் கத்திய அந்தக் குரல் இப்போது சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“எழுந்திரிங்க.”

“என்னம்மா?”

“படத்துல மரம் இல்லன்னீங்களே. அப்ப நெழலும் இல்ல. எழுந்திரிங்க. எல்லாரும் போயி வெயில்ல ஒக்காருங்க.”

உதவியாளர் இளித்தார். அந்தம்மா அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துச் சாய்த்தார். அவர் துள்ளி எழுந்தார். பிறகு அந்தம்மா அதிகாரியின் முன்னால் போய் நின்றார்.  மரத்தடியில் இருந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எழுந்து, அதிகாரியின் நாற்காலியைச் சுற்றி வந்து நின்றார்கள். அதிகாரி எழுந்தார். அந்தம்மா அவருடைய நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய், திரையில் வழுவழுப்பாக இருந்த அந்த மண்ணில், மரத்துக்கு வெளியே போட்டார்.

வைகாசி வெயில். அதிகாரி கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டார். மேனேஜர் காருக்குள் போய் ஏசி போடப் பார்த்தார், காரும் மரத்தடியில் நிற்கிறது என்று ஊர்க்காரர்கள் தள்ளச் சொன்னார்கள். தள்ளினார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார் அதிகாரி. “கூப்புடுங்க. அவுங்களும் வெயில்லதான் நிக்கணும்” என்றார் அந்தம்மா. அதிகாரி போனை எடுத்தார், பார்த்தார், பைக்குள் வைத்தார். யாரிடம் என்னவென்று சொல்வது? இல்லாத மரத்தின் நிழலில் உட்கார விடவில்லை என்றா?

சட்டை முழுக்க நனைந்த பிறகு அவர் உதவியாளரைக் கூப்பிட்டார்.

“எழுதுய்யா. நேரில் பார்வையிட்டேன். ஓட்டு வீடு ஒண்ணு. போர் கொட்டகை ஒண்ணு. மரத்தை எண்ணு.”

உதவியாளர் வெயிலிலிருந்தே விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். அந்தம்மா விடவில்லை. ஒவ்வொரு மரத்தையும் தொட்டு எண்ணச் சொன்னார். அவர் எழுதியதை ஊர்க்காரர் ஒருவர் உரக்கப் படித்துக் காட்டினார். அதிகாரி கையெழுத்துப் போட்டார். “இப்ப வாங்க, நெழல்ல ஒக்காருங்க” என்று அந்தம்மாவே நாற்காலியைத் தூக்கிப் போட்டார். மறுபடியும் மோர் வந்தது.

நான் ட்ரோன் பெட்டியோடு வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தேன். மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை, இனி அவரிடம் எனக்கு வேலை இல்லை என்பது புரிந்துவிட்டது. நிழலுக்குப் போகலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன்.

“நீ எங்க வர்ற? மரம் இருக்குன்னு எழுதிட்டவங்கதான் உள்ள வரணும்.”

“நான் எழுத எதுவும் இல்லக்கா.”

“அப்ப அங்கயே நில்லு” என்றார்.

நின்றேன்.